பழைய கம்ப்யூட்டர், புது போன், ஸ்மார்ட் டி.வி... எல்லாத்துக்கும் ஒரே வைஃபை! வீட்டில் செட் செய்வது எப்படி?

போடிநாயக்கனூரை அடுத்த சிலமலை மாதிரியான ஊரில் இன்றைக்கு ஒரு வீட்டைக் கணக்கெடுத்தால் இப்படித்தான் இருக்கும். அப்பாவிடம் ஆண்ட்ராய்டு போன், மகளிடம் ஆபீஸில் கொடுத்த லேப்டாப், பையனிடம் அரசு கொடுத்த பழைய லேப்டாப், ஹாலில் ஸ்மார்ட் டி.வி., மூலையில் ஒரு பிரின்ட்டர், வாசலில் கேமரா. ஆள் நாலு பேர்தான், ஆனால் கருவிகள் பத்து!

இணையம் இங்கே பொழுதுபோக்குக்கு மட்டுமில்லை. போடியிலும், மலைக்கு மேலே வண்டன்மேடு பக்கத்துப் புத்தடியிலும் நறுமணப் பொருள்கள் வாரியத்தின் ஏலக்காய் ஏலம் கம்ப்யூட்டர் வழியாகத்தான் நடக்கிறது. அன்றைய விலை போனுக்கு வந்தாகணும். கிலோவுக்கு 50 ரூபாய் வித்தியாசம் என்றாலும் 200 கிலோவுக்கு 10,000 ரூபாய் ஆச்சே! அந்த நேரம் பார்த்து வைஃபை சுத்திக்கிட்டே நின்றால் எப்படி இருக்கும்?

பெரும்பாலான வீடுகளில் கோளாறு இன்டர்நெட் லைனில் இருப்பதில்லை, வீட்டுக்குள்ளே செட் செய்த விதத்தில்தான் இருக்கிறது.

ரவுட்டரை எங்கே வைக்கணும்?

கேபிள் எந்த ஜன்னல் வழியாக உள்ளே வந்ததோ, அங்கேயே ரவுட்டரை மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். சிக்னல் எல்லாப் பக்கமும் பரவக்கூடியது என்பதால் பாதி தெருவுக்குத்தான் போகும். கூடுதலாகச் சில மீட்டர் கேபிள் போட்டாவது வீட்டின் நடுப்பகுதியில், ஆள் உயரத்துக்கு மேல் வையுங்கள். இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் வேண்டாம். உலோகம் சிக்னலைத் திருப்பி அடிக்கும், தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். பழைய கல் சுவர் வீடுகளில் இரண்டு சுவர் தாண்டினாலே சிக்னல் பாதியாகிவிடும்.

2.4-ஆ, 5-ஆ?

இப்போது வரும் ரவுட்டர்கள் பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் வேலை செய்கின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரமாகப் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். ஆனால் வேகம் குறைவு, நெரிசலும் அதிகம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் அதிக தூரம் போகாது.

லேப்டாப், டி.வி., புது போன் ஆகியவற்றை 5-ல் சேருங்கள். பிரின்ட்டர், கேமரா, ஸ்மார்ட் பிளக் போன்றவற்றில் பல 2.4-ஐ மட்டும்தான் பிடிக்கும். 'கேமரா கனெக்ட் ஆகவே மாட்டேங்குது' என்ற புகாருக்கு இதுதான் முக்கியக் காரணம். இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்துவிட்டால் குழப்பம் இல்லை. 2.4-ல் சேனல் 1, 6, 11 ஆகிய மூன்றும்தான் ஒன்றின்மேல் ஒன்று ஏறாதவை. பக்கத்து வீட்டுக்காரர் 6-ல் இருந்தால் நீங்கள் 1-க்கோ 11-க்கோ மாறிக்கொள்ளுங்கள்.

பழைய கம்ப்யூட்டரை என்ன செய்வது?

வைஃபை இல்லாத டெஸ்க்டாப்புக்கு லேன் கேபிள்தான் முதல் சாய்ஸ். அது முடியாத இடத்தில் யு.எஸ்.பி. வைஃபை அடாப்டர் போதும். ஆனால், ஒரே ஒரு பழைய கருவிக்காக ரவுட்டரின் பாதுகாப்பு செட்டிங்கை டபிள்யூ.இ.பி., டி.கே.ஐ.பி. என்று கீழே இறக்காதீர்கள். பாதுகாப்பும் போகும், அந்த செட்டிங்கில் இணையும் கருவிகளின் வேகமும் 54 எம்.பி.பி.எஸ். தாண்டாது. டபிள்யூ.பி.ஏ.2 அல்லது டபிள்யூ.பி.ஏ.2/3 கலவை என்பதே எல்லோருக்கும் பொருந்தும் செட்டிங்.

விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலேயே பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. அதில் பேங்க் வேலை பார்க்க வேண்டாம். லினக்ஸ் போட்டால் அதே மெஷின் இன்னும் கொஞ்ச காலம் ஓடும்.

பிரின்ட்டரும் ஃபைல்களும்

நேற்று வேலை செய்த பிரின்ட்டர் இன்று 'ஆஃப்லைன்' என்று காட்டுகிறதா? ரவுட்டர் அதற்கு வேறு ஐ.பி. முகவரி கொடுத்திருக்கலாம். ரவுட்டர் செட்டிங்கில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்ற இடத்தில் பிரின்ட்டருக்கு ஒரே முகவரியை ஒதுக்கிவிடுங்கள்.

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் எஸ்.எம்.பி. என்ற முறையில் ஃபைல்களைப் பகிர்ந்துகொள்ளும். விண்டோஸில் வீட்டு வைஃபையை 'பிரைவேட்' என்று குறித்து, ஃபைல் ஷேரிங்கை ஆன் செய்தால்தான் மற்ற கருவிகளுக்கு அது தெரியும்.

ஏலக்காய் ஸ்டோர் வரைக்கும் வேணுமா?

வீட்டுக்கும் ஸ்டோருக்கும் நடுவே தகரக் கூரையும் மரங்களும் இருந்தால், பூஸ்டர் வாங்கி மாட்டுவதில் பெரிய பலன் இருக்காது. சாதாரண லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். ஆனால், வெட்டவெளியில் இழுத்த செம்புக் கம்பி மின்னலை வீட்டுக்குள் அழைத்து வரும். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஃபைபர் இழுப்பதுதான் பாதுகாப்பு. நேர்ப் பார்வை மறைக்காமல் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் பிரிட்ஜும் நல்ல வழி.

அங்கே இரண்டாவது ரவுட்டர் வைத்தால் அதை 'ஆக்சஸ் பாயின்ட்' மோடுக்கு மாற்றுங்கள். இல்லையென்றால், இரண்டு ரவுட்டரும் தனித்தனியாக முகவரி கொடுக்க ஆரம்பித்து, வீட்டு கம்ப்யூட்டருக்கு ஸ்டோர் பிரின்ட்டர் கண்ணில் படாது.

பூட்டு முக்கியம்

ரவுட்டரோடு வரும் அட்மின் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்டு வேறு, இது வேறு. டபிள்யூ.பி.எஸ். வசதியை ஆஃப் செய்யுங்கள். விருந்தாளிகளுக்கும் கேமராவுக்கும் 'கெஸ்ட் நெட்வொர்க்' கொடுங்கள். பிரின்ட்டரை மட்டும் அதில் சேர்க்காதீர்கள், பிரின்ட் வராது.

இடியும் கரன்ட் கட்டும்

மேற்குத்தொடர்ச்சி மலை அடிவாரத்தில் கோடை மழையும் ஐப்பசி மழையும் இடியோடுதான் வரும். ஃபைபரின் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. கரன்ட் லைன் கடத்தும், கேபிளைத் தாங்கிவரும் இரும்புக் கம்பியும் கடத்தும். அந்தக் கம்பியை வீட்டுக்கு வெளியிலேயே நிறுத்தச் சொல்லுங்கள். இடி கேட்டதும் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, அடாப்டரைப் பிடுங்கியே வையுங்கள்.

கரன்ட் போனால் ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் நின்றுவிடும். இரண்டுக்கும் பெரும்பாலும் 12 வோல்ட்தான் தேவை. வோல்ட்டையும் ஆம்பியரையும் அடாப்டரில் பார்த்து, அதற்கேற்ற மினி யு.பி.எஸ். வாங்கினால் கரன்ட் கட்டிலும் வேலை தடைபடாது.

எல்லாம் முடிந்ததும் வைஃபை பெயர், இரண்டு பாஸ்வேர்டுகள், பிரின்ட்டர் முகவரி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி பீரோவுக்குள் வையுங்கள். செட் செய்து கொடுத்த பிள்ளை சென்னைக்கு வேலைக்குப் போன பிறகு, வீட்டில் இருப்பவர்களுக்குக் கைகொடுக்கப்போவது அந்தத் தாள்தான்!