கியூஎமு, கேவிஎம் மென்பொருள்களின் வரலாறு

கியூஎமு, கேவிஎம் ஆகியவை ஒரு கணினிக்குள் மற்றொரு கணினியை இயக்க உதவும் கட்டற்ற மென்பொருள்கள் ஆகும். லினக்ஸில் இவ்விரண்டும் பெரும்பாலும் இணைந்தே பயன்படுகின்றன. எனினும் இவை வெவ்வேறு நோக்கங்களுடன், வெவ்வேறு நாட்டவரால் தொடங்கப்பட்டவை.

பின்னணி

மெய்நிகர் கணினி என்னும் கருத்து 1960களில் ஐபிஎம் நிறுவனத்தின் பெருங்கணினிகளில் உருப்பெற்றது. தனியாள் கணினிகளின் எக்ஸ்86 வகைச் செயலிகளில் இதை நிறைவேற்றுவது கடினமாக இருந்தது. அவற்றின் சில ஆணைகள், உரிய அதிகாரம் இல்லாத நிரலிலிருந்து வந்தால் பிழை காட்டி நிற்பதில்லை. ஓசையின்றி வேறு விளைவைத் தந்தன. எனவே மேற்பார்வை மென்பொருளால் அவற்றை இடைமறிக்க முடியவில்லை.

கெவின் லாட்டன் உருவாக்கிய பாக்ஸ் என்னும் மென்பொருள் ஒவ்வோர் ஆணையையும் தானே படித்து, பொருள்கொண்டு, நிறைவேற்றியது. 2000-இல் அது கட்டற்ற மென்பொருளாக வெளியானது. அதன் முறை நம்பகமானது, ஆனால் வேகம் குறைவு.

கியூஎமு

பிரான்சு நாட்டு நிரலாளர் பப்ரீஸ் பெல்லார்டு 2003-இல் கியூஎமுவை வெளியிட்டார். இது ஆணைகளைத் தொகுதி தொகுதியாக மொழிபெயர்த்து நினைவகத்தில் சேமிக்கிறது. அதே தொகுதி மீண்டும் வரும்போது சேமித்த மொழிபெயர்ப்பே இயங்கும். வரிக்கு வரி வாய்மொழியாக மொழிபெயர்ப்பதற்கும், எழுதிவைத்த மொழிபெயர்ப்பைப் படிப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. இதனால் ஒருவகைச் செயலிக்கான நிரலை வேறுவகைச் செயலியில் ஓரளவு வேகமாக இயக்க முடிந்தது.

இரு கணினிகளும் ஒரே வகையாக இருக்கும்போது வேகத்தைக் கூட்ட, கேகியூஎமு என்ற துணைக்கூற்றையும் பெல்லார்டு எழுதினார். அதன் மூலநிரல் தொடக்கத்தில் திறந்துவிடப்படவில்லை. எனவே அது லினக்ஸ் கருவில் சேர வழியில்லாமல் இருந்தது.

கேவிஎம்

2005, 2006 ஆண்டுகளில் இன்டெல், ஏஎம்டி நிறுவனங்கள் மெய்நிகராக்க வசதியைச் செயலியிலேயே சேர்த்தன. இதனைப் பயன்படுத்தி, இசுரேலின் கும்ரானெட் நிறுவனத்தில் அவி கிவிட்டி கேவிஎம்மை உருவாக்கினார். 2006 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட இது, 2007 பிப்ரவரியில் லினக்ஸ் 2.6.20 கருவின் பகுதியாகவே வெளிவந்தது. கேகியூஎமுவின் மூலநிரல் திறக்கப்பட்டதும் அதே மாதத்தில்தான். அதற்குள் அதன் இடத்தைக் கேவிஎம் பிடித்துவிட்டது.

இத்தனை விரைவுக்குக் காரணம் உண்டு. கேவிஎம் செயலியையும் நினைவகத்தையும் மட்டுமே கவனிக்கிறது. வன்தட்டு, பிணைய அட்டை, திரை போன்றவற்றின் மெய்நிகர் வடிவங்கள் கியூஎமுவில் ஏற்கனவே இருந்தன. அது கட்டற்ற மென்பொருளாக இருந்ததால் கும்ரானெட் அவற்றை அப்படியே எடுத்தாண்டது. எந்தக் கணினிக்கு எப்போது நேரம் ஒதுக்குவது என்ற பணியையும் லினக்ஸ் கருவே பார்த்துக்கொண்டது.

ஒருங்கிணைப்பு

2008-இல் ரெட் ஹாட் நிறுவனம் கும்ரானெட்டை வாங்கியது. கேவிஎம்முக்காகத் தனிக்கிளையாக வளர்ந்த கியூஎமு நிரல், 2012-இல் வெளியான 1.3 பதிப்பில் மூல மென்பொருளோடு இணைந்தது.

இன்று மேகக் கணிமை வழங்கிகளில் கேவிஎம் பரவலாகப் பயன்படுகிறது. கையில் இல்லாத செயலிக்கான நிரலைச் சோதிக்க விரும்பும் மாணவர்க்கும், பழைய இயங்குதளங்களை இயங்கு நிலையில் காக்க முயல்வோர்க்கும் கியூஎமுவின் மொழிபெயர்ப்பு முறை தொடர்ந்து உதவுகிறது.