தொட்டால்தான் ஆட்டம்

பாகூர் ஏரிக்கரைப் பக்கம் ஒரு மாலை நடந்துகொண்டிருந்தேன். இரண்டு தென்னைகளுக்கு நடுவே வலை கட்டி, ஊர்ப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் ஒரே கட்சியில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பந்து மத ஊழியத்தில் பிறந்தது என்றால் அவர்கள் சிரித்திருப்பார்கள்.

ஆன்மா, மனம், உடல் மூன்றும் சேர்ந்தே மனிதன் என்பது அமெரிக்க ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தாரின் கொள்கை. முக்கோணம் அவர்கள் சின்னம். அங்கே ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் வேத சாஸ்திரம் பயின்றவர். 1891-இல் இரண்டு பழக்கூடைகளை மாட்டிக் கூடைப்பந்தை உண்டாக்கினார். வயதானவர்களுக்கு அது மூச்சு வாங்கும் ஆட்டம் என்று, 1895-இல் அதே சங்கத்து வில்லியம் மார்கன் வாலிபாலை அமைத்தார். அச்சங்கத்தின் ஹாரி க்ரோ பக் சென்னைக்கு வந்து 1920-இல் தேகப்பயிற்சிப் பள்ளி தொடங்கினார். 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்தியக் கோஷ்டியை நடத்திச் சென்றவரும் அவரே. 1943-இல் மறையும்வரை, ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களை உருவாக்குவதே அவர் வேலை.

"பந்து தூண்டில் புழுதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் மீன் புழுவைத் தின்றுவிட்டுத் தூண்டிலை விட்டுவிட்டது. கிராமம் மதத்தை வைத்துவிட்டு ஆட்டத்தை எடுத்துக்கொண்டது.

எடுத்துக்கொண்டதும் அற்பமல்ல. ஒருவனே அடுத்தடுத்து இருமுறை பந்தைத் தொடலாகாது என்பது விதி. வலைக்கு அப்பால் அடிக்காவிட்டால் பக்கத்திலிருப்பவன் கைக்குக் கொடுத்தே தீரவேண்டும். அது எந்தத் தெருக் கை என்று யோசித்தால் பந்து தரையில் விழுந்துவிடும். பிரசங்கத்தால் ஆகாததை ஒரு விதி அரைமணி நேரம் செய்து காட்டியது.

இருட்டியதும் பிள்ளைகள் அவரவர் தெருவுக்குப் பிரிந்து போனார்கள். வலையை யாரும் அவிழ்க்கவில்லை.