மதுரை மதிற்பொறிகளும் ஒரு மீன்கொத்தியும்

சிலப்பதிகாரத்தின் அடைக்கலக்காதை, மதுரை மதிலைக் காத்த பொறிகளை நிரல்படப் பெயர்கூறிச் செல்கிறது. வளைவிற்பொறி, கவண், ஐயவித்துலாம், சிரல், பன்றி எனப் பட்டியல் நீளும். அவை இயங்கிய முறையைக் காப்பியம் விரிக்கவில்லை. அதனைத் திறந்து காட்டுவது அடியார்க்குநல்லார் உரை. வளைவிற்பொறி, தானே எய்யும் எந்திரவில். சிரல், பகைவர்மேற் சென்று கண்ணைக் கொத்தும் மீன்கொத்திப் பொறி. பன்றி, மதிலேறியோர் உடலைக் கிழிக்க இரும்பால் இயன்றது. 1892-இல் உ.வே.சா. அவ்வுரையைப் பதிப்பித்திராவிடில், இவை நமக்கு வெறும் பெயர்களாகவே நின்றிருக்கும்.

இவற்றை ஏவுகணையின் முன்னோடிகள் என மேடையில் முழங்குவோர் உளர். அது பொருந்தாது. ஏவுகணை, தன்னுள் எரியும் மருந்தின் உந்துவிசையாற் செல்வது. அதன் தென்னக வரலாறு வேறு. 1780-இல் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூர்ப் போரில் மைசூர்ப் படையினர் இரும்புக்குழல் வாணங்களை ஏவினர். 2018-இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்து நகரா கோட்டைக் கிணற்றில் அவ்வகை வாணங்கள் ஆயிரத்துக்கு மேல் கிடைத்தன.

அங்கே இரும்பு எஞ்சியது; மதுரையில் சொல் எஞ்சியது. சொல்லை அதற்குரிய அளவிலேயே சான்றாகக் கொள்ளுதல் நன்று. குறிதவறாது பாயும் மீன்கொத்தியைக் கூர்ந்து நோக்கிய கண்ணே ஒரு படைக்கருவிக்கு அப்பெயரைத் தந்தது. கவிஞர்களாகிய நாம் அந்த நோக்குக்கே உரிமை கோருவோம். இல்லாத வெடிமருந்துக்கு அன்று.