மணல் பூங்காவும் பிரஷ்ய ராஜாவின் மேஜையும்

போன நவராத்திரி முடிந்த மறுநாள் நம் சமுதாயக் கூடத்தைப் பார்த்தவர்களுக்குத் தலைப்பின் முதல் பாதி உடனே விளங்கும். கொலுப் படிக்கு முன்னால் பிள்ளைகள் மணல் கொட்டி, மலை குவித்து, கேழ்வரகு தூவிப் பூங்கா போட்டிருந்தார்கள். தண்ணீர் கசிந்து தரையில் செம்மண் கறை. "இனிமேல் கூடத்தில் மணல் கூடாது" என்று செயற்குழு முடிவெடுத்தது. கறையைத் தேய்க்க ஆள் வைத்துச் செலவு செய்தோம், ஆகவே முடிவு நியாயம்தான். ஆனாலும் அந்தப் பிள்ளைகளுக்காக ஒரு பழைய கதையைச் சொல்ல அனுமதியுங்கள்.

சின்னச் சின்ன வீரர் பொம்மைகளை மேஜையில் நிறுத்தி, பகடை உருட்டி, அளவுகோலால் தூரம் அளந்து ஆடும் போர் விளையாட்டை நம் வீட்டு இளைஞர்களே கைபேசியில் காட்டுவார்கள். அதில் பொம்மையைவிட முக்கியம் தரை. ஆறு இருந்தால் படை தாமதிக்கும், காடு இருந்தால் மறையும்.

இதற்கு வழி காட்டியவர்களில் ஒருவர் பிரஷ்யாவின் பிரெஸ்லாவ் நகரத்து ரைஸ்விட்ஸ். படைத்தளபதி அல்ல, நம்மைப்போல் அலுவலக மனிதர். 1811-ல் ஈர மணலில் மேடு பள்ளம் அமைத்து இளவரசர்களுக்கு ஆடிக் காட்டினார். அரசர் மூன்றாம் பிரெடரிக் வில்லியமும் பார்க்க ஆசைப்பட்டார். ராஜா முன்னால் மணலை எப்படிக் கொட்டுவது? ரைஸ்விட்ஸ் அவகாசம் வாங்கிக்கொண்டார். 1812-ல் அவர் கொண்டுபோனது இழுப்பறைகள் வைத்த அழகான மேஜை. மேலே மலை, ஆறு, சாலை என்று புடைப்பாகச் செய்து வண்ணம் தீட்டிய சதுரத் துண்டுகள். மாற்றி மாற்றி அடுக்கினால் ஒவ்வொரு முறையும் புது நாடு! அந்த மேஜை பெர்லினில் சார்லட்டன்பர்க் அரண்மனையில் இருக்கிறது. அவர் மகன் 1824-ல் அதையே வரைபடத்தில் ஆடும்படி விதிகள் எழுதி அச்சிட, ராணுவம் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது. அது விளையாட்டாகவே வீட்டுக்குள் வர எச்.ஜி.வெல்ஸ் 1913-ல் எழுதிய சிறு புத்தகம் உதவியது. அவர் மரக்கட்டையையும் குச்சியையும் தரையில் பரப்பியவர், நம் பிள்ளைகளின் கட்சி.

கொலுப் பூங்காவும் இதே கைவேலைதான். ஒரே வித்தியாசம், அவர்கள் அளவு பார்ப்பார்கள். நம் பூங்காவில் போலீஸ்காரர் கோபுரத்தைவிட உயரம். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

ஆகவே என் யோசனை: இந்த முறை ரைஸ்விட்ஸ் வழி. ஒன்றரை அடிச் சதுர பிளைவுட் பலகைகளை வீட்டிலேயே செய்யட்டும், கூடத்தில் சேர்த்து வைக்கலாம். மேட்டுக்குத் தெர்மோகோல், மேலே பசையில் நனைத்த செய்தித்தாள். தெர்மோகோலுக்குத் தண்ணீர்ப் பசையே போதும். ஸ்பிரே பெயிண்ட் நேரே பட்டால் அது கரைந்துவிடும். பச்சைக்குச் சாயமேற்றிய மரத்தூள். கேழ்வரகு முளைத்தே ஆகவேண்டும் என்பவர்கள் ஓட்டையில்லாத பிளாஸ்டிக் தட்டில் வளர்த்துப் பலகைமேல் வைக்கட்டும். ஒரே ஒரு கண்டிப்பு: வாய்க்கால் பலகை விளிம்பின் நடுமையத்தில்தான் முடியவேண்டும். அப்போதுதான் எந்தப் பலகையோடும் எந்தப் பலகையும் சேரும்.

என்ன ஊர் செய்வது? சுவிட்சர்லாந்து வேண்டாம். உத்திரமேரூர் ஏரியைச் செய்வோம். கல்வெட்டுகளில் வைரமேகத் தடாகம் என்று பெயருள்ள ஏரி அது. பராந்தக சோழன் காலத்தில் அந்த ஊர்ச் சபையில் ஏரி வாரியம் என்றே தனிக் குழு இருந்தது. கணக்குக் காட்டாதவர் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது என்பதும் அந்தக் கல்வெட்டில் உண்டு (வங்கியில் வேலை பார்த்த எனக்குப் பிடித்த வரி!). கரை எவ்வளவு உயரம், மதகு எங்கே, மிஞ்சிய நீர் கலங்கல் வழியாக எப்படி வழியும் என்று பலகையில் செய்துபார்த்த பிள்ளைக்கு, ராஜகுளம் என்ற பெயரில் குளம் ஏன் இருக்கிறது என்று கேட்கத் தோன்றும்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை எழுத்தில் கொடுக்கிறேன். மாதிரிக்கு ஒரு பலகை செய்து கையில் எடுத்து வருவேன். முதல் ஆறு பலகைக்கான பிளைவுட் என் செலவு. ரசீது வைத்திருப்பேன்.