தலைவர் மறைந்தால் ஆட்டம் நிற்க வேண்டுமா? ஒரு வரலாற்றுப் பார்வை

படிவம் 5 மாணவர்களுக்கு ஒரு வாதக் கட்டுரைத் தலைப்பு கொடுத்திருந்தேன்: ‘பெருந்தலைவர் ஒருவர் மறைந்தால் விளையாட்டுப் போட்டிகளை ரத்து செய்ய வேண்டும்.’ வந்த கட்டுரைகளில் முக்கால்வாசி ஒரே அச்சு. ஆதரித்தவர்கள் மரியாதை, ஒற்றுமை, நாட்டுப்பற்று என்று மூன்று பத்தி எழுதினார்கள். எதிர்த்தவர்கள் பண நஷ்டம், ரசிகர்களின் ஏமாற்றம், விளையாட்டாளர்களின் உழைப்பு என்று மூன்று பத்தி. எந்தத் தலைவர், எந்தப் போட்டி, எந்த வருடம் என்று ஒருவர்கூட எழுதவில்லை. பின்வரிசைப் பையன் ஒருவன் மட்டும் நேராகவே கேட்டான்: “டீச்சர், இதெல்லாம் நெசமாவே எங்கயாச்சும் நடந்திருக்கா? நிறுத்துனாங்களா, ஆடுனாங்களா?”

நியாயமான கேள்வி. அன்று என்னிடம் முழுப் பதில் இல்லை. பள்ளி விடுமுறையில் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். மாணவர்களுக்குச் சான்றாகப் பயன்படும். ஆசிரியர்கள் என்னோடு சண்டை போடவும் பயன்படும்.

முதலில் நம் வீட்டு வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். என் பாட்டி தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர். லயத்தில் ஒரு சாவு விழுந்தால் வானொலியை நிறுத்திவிடுவார்கள், பிள்ளைகள் பந்து விளையாட மாட்டார்கள் என்பார். எதுவரைக்கும் என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில் வரும்: “எடுக்குற வரைக்கும்.” பல ஊர்களில் கோயில் நடைகூட அதுவரை திறப்பதில்லை. இறந்தவர் நல்லவரா, நமக்கு வேண்டியவரா என்ற ஆராய்ச்சிக்கு அங்கே இடமில்லை. உடல் வீட்டில் இருக்கிறது, அவ்வளவுதான். எடுத்த பிறகு அடுப்பு எரியும், அடுத்த நாள் பால்மரம் வெட்டப் போவார்கள். இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டே வரலாற்றைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அது எங்கே பொருந்துகிறது, எங்கே உடைகிறது என்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

1952 பிப்ரவரி 6. சென்னை சேப்பாக்கம் திடல். இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் ஐந்தாவது, கடைசி டெஸ்ட் ஆட்டம் தொடங்கிய நாள். இங்கிலாந்து முதலில் மட்டை பிடித்தது. அன்று காலை இங்கிலாந்தில் சாண்ட்ரிங்ஹாம் மாளிகையில் மன்னர் ஆறாம் ஜார்ஜ் தூக்கத்திலேயே இறந்து கிடந்தார். லண்டனில் அறிவிப்பு வெளியானபோது சென்னையில் மாலை 4 மணி தாண்டிவிட்டது.

இப்போது அன்றைய நிலைமையை யோசித்துப் பாருங்கள். இந்தியா 1950 ஜனவரி 26 அன்றே குடியரசாகிவிட்டது. அந்த மன்னர் இனி இந்தியாவின் மன்னர் இல்லை. 1949-ஆம் ஆண்டு லண்டன் பிரகடனத்தின்படி காமன்வெல்த்தின் தலைவர் என்ற அடையாளம் மட்டும்தான் மிச்சம். ஐந்து வருடத்துக்கு முன்புவரை அவருடைய ஆட்சியை எதிர்த்துச் சிறைக்குப் போனவர்கள் நாடு முழுக்க இருந்தார்கள். ‘எங்களுக்கு என்ன?’ என்று மறுநாள் காலை ஆட்டத்தைத் தொடர்ந்திருந்தால் சட்டப்படி யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் எதிரில் நிற்பவர்களின் வீட்டில் சாவு. இங்கிலாந்து ஆட்டக்காரர்களுக்கு அவர் மன்னர்.

எடுத்த முடிவு ரொம்ப எளிமையானது. டெஸ்ட் ஆட்டத்தில் அந்தக் காலத்தில் நடுவே ஓர் ஓய்வு நாள் உண்டு. அந்த ஓய்வு நாளை முன்னுக்குக் கொண்டுவந்து பிப்ரவரி 7-ஆம் தேதியில் வைத்தார்கள். அன்று ஆட்டமில்லை. 8-ஆம் தேதி மறுபடியும் ஆடினார்கள். எதுவும் ரத்தாகவில்லை, யாருக்கும் நஷ்டமில்லை, மரியாதைக்கும் குறைவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தக் கதையின் முக்கியப் பகுதி. வினூ மன்கட் முதல் இன்னிங்ஸில் 55 ஓட்டங்கள் கொடுத்து 8 விக்கெட் எடுத்தார். இங்கிலாந்து 266. இந்தியா 9 விக்கெட்டுக்கு 457 எடுத்து ஆட்டத்தை விட்டுக்கொடுத்தது. பங்கஜ் ராய் 111, பாலி உம்ரிகர் ஆட்டமிழக்காமல் 130. இரண்டாம் இன்னிங்ஸில் இங்கிலாந்து 183-க்குச் சுருண்டது. மன்கட் 4, குலாம் அகமது 4. இன்னிங்ஸ், 8 ஓட்ட வித்தியாசத்தில் வெற்றி. 1932-இல் லார்ட்ஸில் முதன்முதலாக டெஸ்ட் ஆட ஆரம்பித்த இந்தியா தனது 25-ஆவது டெஸ்டில், இருபது வருடம் காத்திருந்து பெற்ற முதல் வெற்றி இது. மரியாதை என்ற பெயரில் அந்த ஆட்டத்தை மொத்தமாக ரத்து செய்திருந்தால்? விஜய் ஹசாரே தலைமையிலான அந்த அணிக்கு என்ன பதில் சொல்வது? ‘ரத்து’ என்ற சொல்லை மாணவர்கள் சுலபமாக எழுதிவிடுகிறார்கள். ‘ரத்து’ வேறு, ‘ஒத்திவைப்பு’ வேறு. என்னைக் கேட்டால் இந்தத் தலைப்பில் பாதி விவாதம் அந்த இரண்டு சொல்லுக்கு நடுவில்தான் இருக்கிறது.

மன்னரின் சொந்த நாட்டில் என்ன செய்தார்கள்? அங்கேயே ஒற்றுமை இல்லை. பிப்ரவரி 9, சனிக்கிழமை. இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடக்கவிருந்த ரக்பி ஆட்டம் மார்ச் 29-க்கு ஒத்திவைக்கப்பட்டது. அதே சனிக்கிழமை காற்பந்து லீக் ஆட்டங்கள் நடந்தன. மன்னரின் இறுதிச் சடங்கு பிப்ரவரி 15-ஆம் தேதிதான். அதாவது ‘எடுக்கும்’ முன்பே காற்பந்து ஆடிவிட்டார்கள்.

எழுபது வருடம் கழித்து அவருடைய மகள் இரண்டாம் எலிசபெத் 2022 செப்டம்பர் 8 அன்று மறைந்தபோது எல்லாம் தலைகீழானது. இந்த முறை காற்பந்துதான் நின்றது. பிரிமியர் லீக் மட்டுமல்ல, அடிமட்ட ஆட்டங்கள்வரை, சின்னப் பிள்ளைகள் ஞாயிறு காலையில் ஆடும் ஆட்டம்வரை, அந்த வாரக் கடைசியில் எல்லாம் ஒத்திவைக்கப்பட்டது. அரசாங்கம் அப்படிக் கேட்கவில்லை. போட்டிகளை நிறுத்த வேண்டிய கட்டாயம் இல்லை, அமைப்புகள் தாங்களே முடிவு செய்யலாம் என்றுதான் அரசின் வழிகாட்டி சொன்னது. இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. அரசியார் இறந்த அன்று இரவே லண்டனில் வெஸ்ட் ஹாம் அணி ஐரோப்பியப் போட்டி ஒன்றில் ஆடியது. அங்கே ரசிகர்கள் தாமாகவே தேசிய கீதம் பாடினார்கள். செய்தி கேட்ட இரவில் ஆடலாம், இரண்டு நாள் கழித்துப் பிள்ளைகள் ஆடக் கூடாதா? என் மாணவர்களிடம் இதைச் சொன்னபோது வகுப்பே சிரித்தது.

அதே வாரம் லண்டன் ஓவல் திடலில் இங்கிலாந்து, தென்னாப்பிரிக்கா டெஸ்ட். வியாழக்கிழமை மழை. வெள்ளிக்கிழமை மரியாதைக்காக ஆட்டமில்லை. சனிக்கிழமை தொடர்ந்தார்கள். இரு அணிகளும் கையில் கறுப்புப் பட்டையோடு வரிசையாக நின்றன. திடல் நிறைய ஆட்கள், ஆனாலும் மௌன அஞ்சலி நேரத்தில் ஒரு சத்தம் இல்லை. புதிய மன்னரின் பெயரில் மாற்றிய தேசிய கீதம் பாடப்பட்டது. அதன்பின் கைதட்டல், பிறகு ஆட்டம். காணொளியில் அந்தச் சில நிமிடங்களைப் பாருங்கள். வீட்டில் தனியாக உட்கார்ந்து தொலைக்காட்சி பார்ப்பதைவிட அங்கே கூடியிருந்தவர்கள்தான் முறையாகத் துக்கம் கொண்டாடினார்கள் என்று எனக்குத் தோன்றியது. ஒரு நாள் விட்டு ஆடிய சென்னையின் பழைய கணக்கும் ஓவலின் கணக்கும் ஒன்றேதான்.

ஆடியது தவறாகிப்போன உதாரணமும் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் என் கட்டுரையும் ஒருதலைப்பட்சம்தான். 1963 நவம்பர் 22, வெள்ளிக்கிழமை. அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். ஞாயிற்றுக்கிழமை அமெரிக்கக் காற்பந்து ஆட்டங்கள் இருந்தன. என்.எஃப்.எல். ஆணையர் பீட் ரோசெல், அதிபரின் ஊடகச் செயலாளரான தம் பழைய கல்லூரி நண்பர் பியர் சாலிஞ்சரிடம் ஆலோசனை கேட்டார். ஆடலாம் என்று பதில் வந்தது. ஆடினார்கள். போட்டி அமைப்பான ஏ.எஃப்.எல். தன் ஆட்டங்களை ஒத்திவைத்தது. ஞாயிறன்று நாடு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தது. கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஆஸ்வால்டு சுடப்பட்டதும் அன்றுதான். ஆட்டங்களை ஒளிபரப்பக்கூட ஆளில்லை. திங்கட்கிழமைதான் நல்லடக்கம். தம் பணிக்காலத்தில் தாம் மிகவும் வருந்திய முடிவு அதுதான் என்று ரோசெல் பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஒரு நாட்டுக்கே மூச்சு நின்ற நேரத்தில் விசில் ஊதியது தப்பு என்று அவருக்கே தெரிந்திருந்தது.

நல்லடக்க நாளைப் பற்றி ஸ்காட்லாந்து ஒரு பாடம் படித்தது. இளவரசி டயானாவின் இறுதிச் சடங்கு 1997 செப்டம்பர் 6. அதே நாளில் பெலாரூஸுக்கு எதிராக உலகக் கிண்ணத் தகுதி ஆட்டம். சங்கம் முதலில் தேதியை மாற்ற மறுத்தது. மெக்காய்ஸ்ட், கோரம், டியூரி ஆகிய மூன்று ஆட்டக்காரர்கள் அன்று ஆட மாட்டோம் என்றார்கள். மக்கள் எதிர்ப்பும் கிளம்பியது. கடைசியில் ஆட்டம் மறுநாளுக்குப் போனது. ஸ்காட்லாந்து 4-1 என ஜெயித்தது. ஒரு நாள் தள்ளியதால் யாருக்கும் எதுவும் குறையவில்லை.

1984-ஐச் சொல்லும்போது கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் அங்கே மரியாதையும் பாதுகாப்பும் கலந்துவிடுகின்றன. அக்டோபர் 31 அன்று பாகிஸ்தானின் சியால்கோட்டில் இந்தியா 40 ஓவரில் 3 விக்கெட்டுக்கு 210 எடுத்திருந்தது. வெங்சர்க்கார் 94, ஆட்டமிழக்கவில்லை. இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி வந்தது. ஆட்டம் அங்கேயே நின்றது, சுற்றுப்பயணமே முடிந்தது. அந்நிய மண்ணில் இருக்கும்போது சொந்தப் பிரதமர் கொல்லப்பட்டால் யாரால் பந்து வீச முடியும்? இதற்கு யாரும் எதிர்வாதம் எழுத மாட்டார்கள். ஆனால் அதே நாள் காலையில் டில்லியில் வந்திறங்கிய இங்கிலாந்து அணி ஊருக்குத் திரும்பவில்லை. துக்க காலத்தில் இலங்கைக்குப் போய் இருந்துவிட்டு மறுபடியும் இந்தியா வந்தது. நவம்பர் 27 அன்று பம்பாயில் பிரிட்டிஷ் துணைத் தூதர் பெர்சி நாரிஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் முதல் டெஸ்ட். தங்கள் நாட்டவரே கொல்லப்பட்டும் இங்கிலாந்து ஆடியது. 18 வயது சென்னைப் பையன் சிவராமகிருஷ்ணனின் சுழலில் 12 விக்கெட்டைக் கொடுத்துத் தோற்றது. அந்தத் தொடரைப் பிறகு 2-1 என ஜெயித்ததும் அவர்கள்தான். அவர்கள் ஆடியது துணிவா, அலட்சியமா? இதை நான் வகுப்பில் தீர்ப்புச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இரண்டு பக்கமும் நன்றாக வாதாடினார்கள்.

நம் பக்கத்து நாட்டுக்கு வருகிறேன். 2016 அக்டோபர் 13 அன்று தாய்லாந்து மன்னர் பூமிபோல் மறைந்தார். மூன்று சுற்றுகள் மீதமிருந்த தாய் லீக் பருவம் அப்படியே முடித்துவைக்கப்பட்டது. முன்னிலையில் இருந்த முவாங்தோங் யுனைடெட் வெற்றியாளர் என அறிவிக்கப்பட்டது. மக்கள் எழுபது ஆண்டு ஒரே மன்னரைப் பார்த்தவர்கள், அவர்களின் துக்கத்தை அளக்க நாம் யார் என்று முதலில் நினைத்தேன். ஆனாலும் இரண்டாம் இடத்தில் துரத்திக்கொண்டிருந்தவர்களுக்கும் கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் போராடிக்கொண்டிருந்தவர்களுக்கும் களத்தில் தீர்ப்பு கிடைக்காமல் போனது உண்மைதான். என் பாட்டியின் அளவுகோல் இங்கேதான் உடைந்தது. பூமிபோலின் தகனம் 2017 அக்டோபர் 26 அன்று நடந்தது. ‘எடுக்குற வரைக்கும்’ என்றால் ஒரு வருடத்துக்கு மேல்! தாய்லாந்து அப்படிச் செய்யவில்லை. அதே 2016 நவம்பர் 15 அன்று பாங்காக்கில் ஆஸ்திரேலியாவோடு உலகக் கிண்ணத் தகுதி ஆட்டம் நடந்தது. ரசிகர்கள் கறுப்பும் வெள்ளையும் உடுத்தி அடக்கமாக உட்கார்ந்தார்கள். 2-2.

ஆக, லயத்துக் கணக்கைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கிறது. செய்தி வந்த அந்த முதல் நாளும் நல்லடக்க நாளும் ஆட்டம் வேண்டாம். நடுவில் உள்ள நாட்களில் கறுப்புப் பட்டையோடு, மௌன அஞ்சலியோடு ஆடலாம். கென்னடி விஷயத்தில் நடு நாளே தப்பாகிப்போனதே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். முதுமையில் வந்த சாவு வேறு, கொலை வேறு என்பது என் பதில். லயத்திலும் அகால மரணத்துக்குத் துக்கம் வேறு மாதிரிதான் இருக்கும்.

இன்னொன்று, மாணவர்கள் மறந்தே போகும் ஒரு கூட்டம்: திடலுக்கு வெளியே தண்ணீரும் கச்சானும் விற்பவர்கள், நாள் கூலிக்குக் கதவு காப்பவர்கள். ஒத்திவைத்தால் அவர்களுக்குச் சம்பளம் அடுத்த வாரம். ரத்து செய்தால் இல்லை.

பின்வரிசைப் பையன் கட்டுரையைத் திருத்தி எழுதிக் கொண்டுவந்தான். தலைப்பில் இருந்த ‘ரத்து’ என்ற சொல்லை அடித்துவிட்டு ‘ஒத்திவைப்பு’ என்று எழுதியிருந்தான். தேர்வில் தலைப்பை மாற்றக் கூடாது என்று சொல்லி மதிப்பெண் குறைத்தேன். ஆனால் கடைசிப் பத்தியில் அவனாகவே தேடி ஒன்றைச் சேர்த்திருந்தான், எனக்கே தெரியாதது. 2016 டிசம்பர் 5 இரவு முதலமைச்சர் ஜெயலலிதா மறைந்தார். தமிழ்நாட்டில் ஏழு நாள் துக்கம். 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையை அடித்துப் போட்டது. 16-ஆம் தேதி அதே சேப்பாக்கத்தில் டெஸ்ட் ஆட்டம் குறித்த நாளில் தொடங்கியது. எதிரணி மறுபடியும் இங்கிலாந்து. கருண் நாயர் ஆட்டமிழக்காமல் 303. மறுபடியும் இன்னிங்ஸ் வெற்றி.