அந்தக் காலத்துக் கோயில்

1

கடந்துபோனதைச் சொல்லத் தமிழில் எல்லோர் கைவசமும் ஒரு பிரயோகம் இருக்கிறது: 'அந்தக் காலத்திலே'. எந்தக் காலம் என்று கேட்பவருமில்லை, சொல்பவருமில்லை. பாட்டியின் கல்யாணமும் அந்தக் காலம். அதியமான் மரபினர் நாமக்கல் பாறையில் 8ஆம் நூற்றாண்டில் குடைந்த குகைக்கோயிலும் அந்தக் காலம். நமக்குச் சரித்திரப் பிரக்ஞை இல்லை என்று குறைப்படுகிறவர்கள், நாம் எதையும் எழுதி வைக்கவில்லை என்று காரணம் சொல்வார்கள். கல்வெட்டுகளை ஆயிரக்கணக்கில் வெட்டி வைத்த ஒரு மொழியைப் பற்றி இப்படிச் சொல்வது பொருந்தாது. குறை வேறிடத்தில் இருக்கிறது. ஒரு பழைய பொருளுக்கும் இன்னொரு பழைய பொருளுக்கும் நடுவிலுள்ள தூரத்தை உணரும் பழக்கம் நம்மிடம் இல்லை. பழையது எல்லாம் ஒரே மூட்டை.

இதைச் சோதித்துப் பார்க்க நூலகம் போக வேண்டியதில்லை. வழிகாட்டி ஒருவரோடு ஒரு நாள் வேனில் சுற்றினால் போதும். 2024 கோடையில் எங்கள் கிளை ஊழியர்களும் குடும்பத்தாரும் ஜலகண்டாபுரத்திலிருந்து அப்படி ஒரு சுற்றுக்குப் போனோம். சங்ககிரி, தாரமங்கலம், மேட்டூர் அணை, கடைசியில் பண்ணவாடி பரிசல்துறை. வழிகாட்டி ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். நல்ல குரல், பொறுமை, ஹாஸ்யம் எல்லாம் உள்ளவர். அவரைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. அவர் பேச்சு அவருடையது மட்டுமல்ல என்பதுதான் விஷயம்.

2

வழிகாட்டியின் பேச்சுக்கு இரண்டு பூர்வீகங்கள் உண்டு. ஒன்று ஸ்தலபுராணம். தெய்வம் வந்த கதை, சிற்பி செய்த அதிசயம், அரசன் கண்ட கனவு. அங்கே வருஷக் கணக்குக்கு இடமில்லை, தேவையுமில்லை. மற்றொன்று கம்பெனியார் காலத்து அறிக்கை. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த மறு வருஷமே, பிடித்த நாட்டில் என்ன விளைகிறது, யார் என்ன நெய்கிறார்கள், எந்த மண்ணுக்கு என்ன வரி தாங்கும் என்று பார்த்து எழுத பிரான்சிஸ் புக்கானனை வெல்லெஸ்லி அனுப்பினார். மைசூரிலிருந்து மலை இறங்கி அவர் வந்து சேர்ந்த இடம் காவேரிபுரம். அங்குள்ள கோட்டையைக் கட்டியது கெட்டி முதலி என்று உள்ளூர்க்காரர் சொன்னதையும் அவர் குறித்துக்கொண்டார். புத்தகம் 1807இல் லண்டனில் வந்தது. பிறகு லெ பனுவின் சேலம் மாவட்டக் கையேடு 1883இல், ரிச்சர்ட்ஸின் கெஸட்டியர் 1918இல்.

இந்த வரிசையில் வந்தவர்கள் உல்லாசப் பிரயாணிகள் இல்லை. இடிந்த கோட்டையையும் அருவியையும் நெசவுத் தறியையும் ஒரே நோட்டுப் புத்தகத்தில் எழுதியவர்கள். அவர்களையும் ஒரு உள்ளூர்க்காரர் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருப்பார். அவர் சொன்னது அச்சேறி, அரசாங்க ஏடாகி, பிறகு பள்ளிப் பாடமாகி, இன்றைய வழிகாட்டியின் வாய்க்கு வந்து சேர்கிறது. அடி, கஜம் எல்லாம் கெஸட்டியர் தந்தது. அதிசயம் ஸ்தலபுராணம் தந்தது. இரண்டுக்கும் நடுவே இருக்கவேண்டிய ஒன்று, அதாவது எது எதற்குப் பின் நடந்தது, எதனால் நடந்தது என்பது, நழுவிப்போகிறது.

சங்ககிரியில் இது அவ்வளவாக உறுத்தவில்லை. தீரன் சின்னமலை 1805இல் தூக்கிலிடப்பட்ட இடம் என்பதால் ஒரு வருஷமாவது பேச்சில் வந்துவிடுகிறது. சாவு ஒன்றுக்குத் தேதி இருக்கிறது, கோட்டைக்கு இல்லை.

தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில் ஸ்தலபுராணம் முழு ஆட்சி செய்கிறது. ஒரு தூணில் ராமன் மறைந்து நின்று அம்பு எய்கிறான், மற்றொரு தூணில் வாலியும் சுக்ரீவனும் பொருதுகிறார்கள். ராமன் நிற்குமிடத்திலிருந்து பார்த்தால் வாலி தெரிகிறான். வாலியிடமிருந்து பார்த்தால் ராமன் தெரியவில்லை. வழிகாட்டி எங்களை ஒவ்வொருவராக இரண்டு இடத்திலும் நிறுத்தி, "தெரியுதுங்களா? இப்பத் தெரியுதுங்களா?" என்று கேட்டார். குழந்தைகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்கும்தான். கல்லில் இப்படி ஒரு பார்வைக் கணக்கைப் போட்டவன் சாமானியன் இல்லை. வெறும் வித்தை என்று இதை ஒதுக்கிவிட முடியாது; கொல்கிறவனுக்குத் தெரியும், சாகிறவனுக்குத் தெரியாது என்ற தர்மசங்கடத்தை வார்த்தையில்லாமல், நிற்கும் இடத்தைக் கொண்டே சொல்கிற கலை இது.

ஆனால் இதைக் கட்டுவித்த கெட்டி முதலிகள் யார்? மதுரை நாயக்கர்களுக்கு அடங்கி, மைசூரின் எல்லையில் காவல் நின்ற பாளையக்காரர்கள். இரண்டு பெரிய ராஜ்யங்களுக்கு நடுவில் இருந்தவர்கள். 17ஆம் நூற்றாண்டில் மைசூர் அவர்களை விழுங்கியது. எல்லையில் இருப்பவனுக்குத் தன் பெயரைக் கல்லில் போடும் அவசரம் அதிகம் என்று நினைத்துப் பார்க்கலாம். தாரமங்கலமும் காவேரிபுரமும் ஒரே குடும்பத்தின் காரியம் என்று தெரிந்தால் கோயில் வேறுவிதமாகத் தெரியும். காவேரிபுரத்துக்கு எங்கள் சுற்றில் இடமில்லை.

3

மேட்டூரில் பேச்சு கெஸட்டியருக்கு மாறியது. பாலமலைக்கும் சீதாமலைக்கும் நடுவே 5300 அடி நீளம், 214 அடி உயரம். முழு நீர்மட்டம் 120 அடி; கொள்ளளவு 93.47 டி.எம்.சி. சென்னையும் மைசூரும் 1924இல் ஒப்பந்தம் செய்துகொண்டன. 1925இல் வேலை தொடங்கி 1934 ஆகஸ்டில் திறப்புவிழா. கவர்னர் ஸ்டான்லியின் பெயர் நீர்த்தேக்கத்துக்கு, என்ஜினியர் எல்லிஸின் பெயர் பதினாறு கண் உபரிப் போக்கிக்கு. எல்லாம் சரியான எண்கள். அணையின் மேலே நின்று வடக்கே பார்த்து, "இயற்கை அழகுன்னா இதுதாங்க" என்றார் வழிகாட்டி.

அங்கிருந்து கொளத்தூர் வழியாகப் பண்ணவாடி. அந்தக் கோடையில் நீர்மட்டம் 50 அடியை ஒட்டி இருந்தது. மட்டம் 80 அடிக்குக் கீழே வந்தால் முழுகிய கிறிஸ்தவக் கோயிலின் இரட்டைக் கோபுரமும், ஏறத்தாழ 70க்கு வந்தால் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தியும் வெளியே தெரியும். வறண்ட வருஷங்களில் பத்திரிகைகளில் தவறாமல் படம் வரும், கூட்டமும் வரும். நாங்கள் போனபோது நந்தியின் கழுத்தில் யாரோ மாலை போட்டிருந்தார்கள். கோபுரத்தின் செங்கலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் சேற்றில் ஓடினார்கள்.

பரிசல்காரரிடம் எங்கள் காசாளர் கேட்டார்: "இது எப்பக் கட்டுனதுங்க?"

"அந்தக் காலத்துக் கோயிலுங்க சார். ஆயிரம் வருசம் இருக்கும்."

"எப்ப முழுகுச்சு?"

"அதுவும் அந்தக் காலத்துலதானுங்க." துடுப்பை ஒரு தரம் போட்டுவிட்டு அவரே தொடர்ந்தார்: "எங்க பாட்டி அந்தப் பக்கத்து ஊர்தான். எங்கப்பாவ இடுப்புல வெச்சுக்கிட்டு மேட்டுக்கு வந்தேன்னு சொல்லும்."

தன் தகப்பனாரை இடுப்பில் வைத்துத் தூக்கி வந்த நாளையும் ஆயிரம் வருஷத்தையும் ஒரே வார்த்தையில் போட்டு மூடுகிறார் இவர். அறியாமையால் அல்ல. தன் குடும்பத்துக்கு நேர்ந்ததைச் சரித்திரம் என்று எண்ண இவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சரித்திரம் என்றால் அது ஆயிரம் வருஷமாவது இருக்கவேண்டும், ஒரு ராஜாவாவது வரவேண்டும்.

இங்கே ஒரு விசித்திரமான தலைகீழ் மாற்றம் நடந்திருக்கிறது. 59 சதுர மைலுக்கு விரியும் இந்தத் தண்ணீரை நாம் இயற்கைக் காட்சி என்கிறோம். அது சிமென்டும் கல்லும் ஒப்பந்தமும் சேர்ந்து 1934இல் உண்டாக்கியது. நந்தியையும் கோபுரத்தையும் புராதன இடிபாடு என்கிறோம். கோயிலின் வயது எத்தனையாக இருந்தாலும், இடிபாட்டின் வயது அணையின் வயதுதான். காலம் அரித்து இவை பாழாகவில்லை. ஒரு தீர்மானத்தால் பாழாயின. 1925க்கு முன் அங்கே விளக்கேற்றினார்கள், ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தது. நாயம்பாடி, சாம்பள்ளி என்று அந்த ஊர்களுக்குப் பெயர் உண்டு. போனவர்களில் ஒரு பகுதியினர் இன்றைக்குக் கர்நாடகத்திலிருக்கும் மார்டள்ளிப் பக்கம் குடியேறி, அங்கே தமிழ் பேசிக்கொண்டிருக்கிறார்கள். லெ பனுவும் ரிச்சர்ட்ஸும் எழுதியபோது இவை ஜனங்கள் வாழ்ந்த ஊர்கள். அவர்களுடைய நோட்டில் இவை இடிபாடு என்ற தலைப்பின் கீழ் வந்திருக்க முடியாது.

4

அணை கட்டியது தவறு என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. டெல்டாவின் பழைய பாசனத்துக்கு அது உத்தரவாதம் தந்தது. கல்லணைக் கால்வாய் வழியாகச் சுமார் 3 லட்சம் ஏக்கருக்குப் புதிதாகத் தண்ணீர் தந்தது. ஜூன் 12 என்ற தேதி தஞ்சாவூர் விவசாயிக்குப் பண்டிகை நாள். நந்தி தெரிந்த அதே 2024இல் ஜூன் 12 அன்று திறக்கத் தண்ணீர் இல்லை. ஜூலை 30இல் அணை 120 அடியைத் தொட்டது. நந்தி மறுபடி அடியில் போயிற்று. பத்திரிகையில் தினமும் வரும் அந்த ஒரே எண் கீழே இருப்பவனுக்கு ஒன்று சொல்கிறது, மேலே இருப்பவனுக்கு வேறு சொல்கிறது. டெல்டாவின் கஷ்டகாலத்தில்தான் பரிசல்காரரின் பாட்டி ஊர் வெளியே வருகிறது. அதைப் பார்க்க ஆசைப்படுவதும் ஒரு வகையில் வறட்சிக்கு ஆசைப்படுவதுதான். வழிகாட்டியின் பேச்சில் இந்தச் சிக்கலுக்கு ஒரு வாக்கியம்கூட இல்லை.

நம் நவீன இலக்கியத்திலும் இல்லை என்பது இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கு முக்கியமாகப் படவேண்டும். 'மணிக்கொடி' தொடங்கியது 1933 செப்டம்பரில். அணை திறந்தது 1934 ஆகஸ்டில். தமிழின் நவீன உரைநடை உருவான வருஷங்களும் காவேரி தடுக்கப்பட்ட வருஷங்களும் ஒன்றே. கு.ப.ரா.வும் ந. பிச்சமூர்த்தியும் கும்பகோணத்துக்காரர்கள்; பின்னால் வந்த தி. ஜானகிராமனும் டெல்டாக்காரர். காவேரி என்றதும் நமக்கு வரும் படித்துறை, வெற்றிலைக் கொடிக்கால், ஈரக்காற்று எல்லாம் இவர்கள் தந்தவை. அவை பொய்யில்லை. ஆனால் அவ்வளவும் அணைக்குக் கீழே உள்ள காவேரி. சிலப்பதிகாரத்திலேயே இந்த நதி புகாரில், கடலைத் தொடும் இடத்தில் நின்றுதான் பாடப்படுகிறது. ஆற்றை அது வந்து சேருமிடத்திலிருந்து பார்ப்பதே நம் மரபு. சிட்டியும் தி. ஜானகிராமனும் 'நடந்தாய் வாழி காவேரி'க்காக (1971) ஆற்றை மேலே போய்ப் பார்த்து வந்தது இந்த மரபில் ஒரு விலக்கு.

மேலே இருப்பவனுக்குத் தண்ணீர் பக்கத்தில் இருந்தும் தூரம். அணையின் உபரிநீரைச் சேலம் மாவட்டத்தின் வறண்ட பகுதியிலுள்ள 100 ஏரிகளுக்கு ஏற்றும் திட்டத்துக்கு 2020இல்தான் அடிக்கல் நாட்டினார்கள். அணை திறந்து 86 வருஷம் கழித்து. ஜலகண்டாபுரத்தின் பெயரிலேயே ஜலம் இருக்கிறது. ஊர் பிழைத்தது தறியில்.

தாரமங்கலத்துத் தூண்களை இங்கே நினைத்துக்கொள்ளலாம். கீழே நின்று பார்க்கிறவனுக்கு மேலே முழுகியது தெரியாது. ஒருவர் குற்றமுமில்லை, நிற்கும் இடம் அப்படி. ஆனால் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ளாத விமர்சனம், வழிகாட்டியின் பேச்சைவிட உயர்ந்தது என்று சொல்லிக்கொள்ள முடியாது.

5

உலகம் இந்த விஷயத்தில் நம்மைவிட யோக்கியமாக நடந்துவிடவில்லை. அஸ்வான் அணைக்காக அபு சிம்பெல் கோயில்களை யுனெஸ்கோ 1964 முதல் 1968 வரை அறுத்தெடுத்து மேட்டில் வைத்தது. நைல் கரையில் வாழ்ந்த நூபியர்கள் ஊர் ஊராகப் பெயர்க்கப்பட்டார்கள். நாகார்ஜுனகொண்டாவில் 1954 முதல் 1960 வரை தோண்டியெடுத்த பௌத்தச் சின்னங்கள் இன்று ஏரி நடுவே ஒரு தீவில் பத்திரமாக இருக்கின்றன. இரண்டு இடத்திலும் 'உண்மையில் புராதனமானது' காப்பாற்றப்பட்டது. ஜனங்கள் வாழ்ந்த வீடு அந்தத் தகுதியைப் பெறவில்லை. பழமைக்கு மதிப்பு இருக்கிறது. அணைக்கு முந்தைய நேற்றுக்கு இல்லை.

நாயம்பாடி இன்னும் அந்த 'நேற்றில்'தான் இருக்கிறது. இடுப்பில் வந்த பிள்ளையின் மகன் துடுப்புப் போடுகிறார். அவர் பாட்டி சொன்னது அவர் வாயில் இருக்கிறது. இன்னொரு தலைமுறை போனால் நிஜமாகவே அது அந்தக் காலமாகிவிடும். ஆகவே பண்ணவாடியில் நிற்கும் வழிகாட்டியிடம் கேட்கக்கூடியது பெரிய சரித்திரம் ஒன்றுமில்லை. நந்தியைக் காட்டும்போது ஆயிரம் வருஷம் என்பதை விட்டு 1934 என்று சொன்னால் போதும். ஆயிரம் வருஷம் என்றால் வேனில் வந்தவர் கும்பிட்டுவிட்டு நகர்வார். 1934 என்றால், இங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று அடுத்த கேள்வியைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். அதற்குப் பதில் சொல்லக்கூடியவர் பரிசலில் எதிரே உட்கார்ந்திருக்கிறார்.