ஆற்று மணல், கிராவல் குவாரிகளுக்கான சுற்றுச்சூழல் அனுமதி

ஆற்றுப்படுகையிலும் அதையொட்டிய வெள்ளச் சமவெளி, ஏரி, சதுப்புநிலப் பகுதிகளிலும் மணல், கிராவல், சவுடு மண், கூழாங்கல் எடுக்கும் குவாரியைத் தொடங்குமுன் பெற வேண்டிய அரசு ஒப்புதல். இது குவாரிக் குத்தகையிலிருந்து வேறானது. குத்தகை கிடைத்தவரும் இந்த அனுமதி இல்லாமல் மண்ணைத் தொட முடியாது. இந்தியாவில் சிறு குவாரிகளையும் உள்ளடக்கி இது கட்டாயமானது 2012இல்தான்.

தேவை

வெள்ளம் கொண்டுவந்து சேர்க்கும் மணலும் கிராவலுமே ஆற்றின் நீரைப் பிடித்துவைத்து நிலத்தடிக்கு இறக்குகின்றன. படுகையில் ஆழமாகத் தோண்டினால் அரிப்பு குழியோடு நிற்காமல் ஆற்றின் மேல்திசை நோக்கி ஏறும். பாலத் தூண்களின் அடித்தளம் வெளியே தெரியும். நீர்மட்டம் தாழ்ந்து, கூட்டுக் குடிநீர்த் திட்டங்களின் உறைகிணறுகளும் கரையோரப் பாசனக் கிணறுகளும் வற்றும். குழி கரைக்கு அப்பால் சமவெளியில் இருந்தால், பெருவெள்ளம் கரையை உடைத்து அதற்குள் பாய்ந்து ஆற்றின் தடத்தையே மாற்றிவிடக்கூடும்.

சட்ட வரலாறு

1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டம் சாதாரண மணலையும் கிராவலையும் சிறுகனிமங்களாக வகைப்படுத்தி, அவற்றுக்கு விதி வகுக்கும் அதிகாரத்தை மாநிலங்களிடம் விட்டது. தமிழ்நாட்டின் சிறுகனிமச் சலுகை விதிகள் 1959இல் வந்தன. குத்தகையும் வருவாயுமே அன்று முதன்மையாக இருந்தன. 1994இன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை சிறுகனிமங்களைச் சேர்க்கவில்லை. 2006இன் அறிவிக்கை சேர்த்தது. ஆனால் 5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிகளுக்கு விலக்கு இருந்தது.

அந்த விலக்கே தப்பிக்கும் வாசலாயிற்று. 2011இல் அரியானா அரசு பஞ்ச்குலா மாவட்டத்தில் பாறாங்கல், கிராவல், மணல் குவாரிகளை 4.5 ஹெக்டேருக்கு மேற்படாத துண்டுகளாக ஏலம் விட முனைந்தது. அதை எதிர்த்த தீபக் குமார் வழக்கில் 2012 பிப்ரவரி 27 அன்று உச்ச நீதிமன்றம், 5 ஹெக்டேருக்குக் குறைந்த குத்தகைக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்றது. அனுமதியின்றி ஆற்று மணல் அள்ள 2013 ஆகஸ்டில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது.

2016 ஜனவரியில் ஒன்றிய அரசு, எங்கே எவ்வளவு எடுக்கலாம் என்று கணிக்கும் மாவட்ட ஆய்வறிக்கையைக் கட்டாயமாக்கி, சிறு குவாரிகளுக்கு அனுமதி தரும் பொறுப்பை ஆட்சியர் தலைமையிலான மாவட்ட ஆணையத்திடம் அளித்தது. தீர்ப்பாயம் 2018இல் அந்த ஏற்பாட்டை ஏற்க மறுத்தபின், பொறுப்பு மாநில ஆணையத்திடம் திரும்பியது. 2020இன் வழிகாட்டுதல்கள் டிரோன் அளவீட்டையும் கண்காணிப்பையும் வலியுறுத்தின.

தமிழ்நாட்டில்

2003இல் சிறுகனிமச் சலுகை விதிகளில் 38-அ விதியைச் சேர்த்து, தனியார் மணல் குத்தகைகளை முடித்து, குவாரிகளை அரசே எடுத்துக்கொண்டது. பாலம், குடிநீர்க் கிணறு, நீரேற்று நிலையம் ஆகியவற்றிலிருந்து 500 மீட்டருக்குள் மணல் குவாரிக்கு 36ஆம் விதி இடம் தருவதில்லை. கம்யூனிஸ்ட் தலைவர் இரா. நல்லகண்ணு தாமே வாதாடிய வழக்கில், 2010இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை விதித்தது.

ஆற்றில் கெடுபிடி கூடியதும், கரையோரப் பட்டா நிலங்களில் சவுடு மண்ணுக்கு அனுமதி வாங்கி அடியிலுள்ள மணலை அள்ளும் வழக்கம் பரவியது. நடைச்சீட்டில் சவுடு, லாரியில் மணல். மண்ணின் கலவையை ஆய்வகத்தில் சோதித்து அறிக்கை பெறாமல் குவாரி அனுமதி தரக்கூடாது என்று மதுரைக் கிளை 2021 பிப்ரவரியில் உத்தரவிட்டது.

குறைகள்

2017இன் ஈரநிலப் பாதுகாப்பு விதிகள் ஆற்றின் தடத்தையும், குடிநீருக்கும் பாசனத்துக்கும் வெட்டப்பட்ட நீர்நிலைகளையும் தம் வரையறைக்கு வெளியே நிறுத்தின. நீர்ப்பறவைகள் வந்திறங்கும் தமிழக ஏரிகள் பலவற்றுக்கு இதனால் அந்தக் காப்பு எட்டுவதில்லை.

மழைக்கு முன்னும் பின்னும் படுகையின் மட்டத்தை அளந்தால்தான் அந்த ஆண்டில் ஆறு எவ்வளவு கொண்டுவந்தது என்று தெரியும். இந்த மீள்படிவு ஆய்வு இல்லாத மாவட்ட ஆய்வறிக்கையை வைத்து அனுமதி வழங்கக்கூடாது என்று, ஜம்மு காஷ்மீர் ஓடை ஒன்று தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. பரப்பை மட்டும் பார்த்து அனுமதி தந்த காலத்தில் குத்தகையைத் துண்டாக்கினார்கள்; பெயரை மட்டும் பார்த்தபோது மணலைச் சவுடாக்கினார்கள். ஆறு தந்ததற்கு மேல் எடுக்கக்கூடாது என்ற அளவுகோலும் ஏட்டோடு நிற்கக்கூடாது. படுகையில் இறங்கி ஆண்டுதோறும் அளந்து, அந்தக் கணக்கைக் கரையோர ஊர்களின் கிராம சபையில் வைப்பதே இந்த அனுமதிக்குப் பொருள் தரும்.